மக்கள் மொழியில் நீதி: முன்சீப் வேதநாயகம் பிள்ளை

மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்றவுடன், தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்பதே பலருக்கும் நினைவுக்கு வரும். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்னும் அந்நாவல் 1879ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆனால், வேதநாயகம் பிள்ளை எழுத்தையே தொழிலாகக் கொண்டவர் அல்லர். தம் இளமை முழுவதையும் நீதிமன்றப் பணியில் செலவிட்டவர். ஆவணங்களைக் காக்கும் ஊழியராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, பின்னர் நீதிபதியாக உயர்ந்தவர். சட்டம் ஒரு மொழியிலும் மக்கள் வேறொரு மொழியிலும் வாழ்ந்த காலத்தில், இரண்டுக்கும் இடையே பாலம் அமைத்தவர். நீதிமன்றம் மக்களுக்குப் பயன்பட வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்று சிந்தித்து, தம்மால் இயன்றதைச் செய்தும் காட்டியவர். அவருடைய வாழ்க்கையின் இந்தப் பக்கத்தை இப்பகுதியில் காண்போம்.

குளத்தூரில் பிறப்பு

வேதநாயகம் பிள்ளை 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், திருச்சிராப்பள்ளிப் பகுதியில் உள்ள குளத்தூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பெயர் சவரிமுத்துப் பிள்ளை. தாயார் ஆரோக்கிய மரியம்மாள். குடும்பத்தினர் கத்தோலிக்கக் கிறித்துவர்கள்.

அக்காலத்தில் இன்றுள்ளது போன்ற பள்ளிகள் சிற்றூர்களில் இல்லை. தந்தையாரிடமும் ஊர் ஆசிரியர்களிடமும் அவர் தொடக்கக் கல்வியைப் பெற்றார். பின்னர், திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகப் பிள்ளையிடம் ஆங்கிலமும் தமிழும் பயின்றார். ஆங்கிலம் கற்ற இளைஞர்களுக்கு அரசு அலுவலகங்களில் வேலை கிடைத்த காலம் அது. ஆங்கிலம் கற்றவர்களுள் சிலர், தாய்மொழியில் பேசுவதையே குறைவாக எண்ணத் தொடங்கியிருந்தனர். வேதநாயகம் பிள்ளை அவ்வாறு எண்ணவில்லை. இரண்டு மொழிகளிலும் ஆழ்ந்த புலமை பெற்றார். அந்த இருமொழிப் புலமையே பிற்காலத்தில் அவர் செய்த பெரும்பணிக்கு அடித்தளமாக அமைந்தது.

ஆவண அறையிலிருந்து மொழிபெயர்ப்பு மேசைக்கு

வேதநாயகம் பிள்ளையின் முதல் வேலை, திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளர் பணி. பெயரளவில் சிறிய வேலைதான். ஆனால், ஒரு நீதிமன்றம் எவ்வாறு நடக்கிறது என்பதை அறிய அதைவிடச் சிறந்த இடம் இல்லை. வழக்குத் தொடுத்தவர் கொடுத்த பிராது, எதிர்த்தரப்பினர் எழுதிய பதில், சாட்சிகளின் வாக்குமூலம், நில ஆவணங்கள், கடன் பத்திரங்கள், இறுதித் தீர்ப்பு ஆகிய அனைத்தும் ஆவண அறைக்கே வந்து சேரும். ஓர் ஏடு காணாமற்போனாலும் ஒருவருடைய நிலமோ வீடோ கைவிட்டுப் போகக்கூடும்.

சில ஆண்டுகளில் அவர் அதே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். அன்றைய மாவட்ட நீதிபதிகள் ஆங்கிலேயர்கள். அவர்கள் முன் வந்து நின்ற மக்களோ தமிழர்கள். உழவர் ஒருவர் தம் குறையைத் தமிழில் சொல்வார். நீதிபதி அதை ஆங்கிலத்தில் அறிந்துகொள்வார். இருவருக்கும் இடையே நின்றவர் மொழிபெயர்ப்பாளர். அவர் ஒரு சொல்லைத் தவறாகப் பெயர்த்தால் சாட்சியின் பொருளே மாறிவிடும். ‘கொடுத்தேன்’ என்பதற்கும் ‘கொடுப்பேன்’ என்பதற்கும் இடையே இரண்டு எழுத்துகளே வேறுபாடு. ஆனால், கடன் வழக்கில் அந்தச் சிறு வேறுபாடு ஒரு குடும்பத்தின் வாழ்வையே தீர்மானித்துவிடும்.

மொழியை அறியாத மக்கள் நீதிமன்றத்தில் எவ்வளவு துணையற்றவர்களாக நிற்கிறார்கள் என்பதை வேதநாயகம் பிள்ளை நாள்தோறும் கண்டார். மொழிபெயர்ப்பாளரும் வக்கீலும் நேர்மையாக இருந்தால் மக்களுக்கு நன்மை. அவர்கள் நேர்மை தவறினால், தமக்கு என்ன நேர்ந்தது என்பதைக்கூட அம்மக்களால் அறிந்துகொள்ள இயலாது.

முன்சீப்பின் பணி

மொழிபெயர்ப்பாளர் பணிக்குப் பின்னர் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக நியமிக்கப்பட்டார். ‘முன்சீப்’ என்பது அரபு மொழி வழியாக வந்த சொல். நீதி செய்பவர் என்பது அதன் பொருள். மலாய் மொழியில் நாம் அறிந்த ‘இன்சாஃப்’ என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததே.

மதராஸ் மாகாணத்தில் 1816ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி மாவட்ட முன்சீப் நீதிமன்றங்கள் அமைக்கப்பட்டன. அப்பதவியில் உள்நாட்டினரே அமர்த்தப்பட்டனர். கொலை, கொள்ளை போன்ற குற்ற வழக்குகள் முன்சீப்பிடம் வரா. நில எல்லை, வாய்க்கால் நீர், கடன், சொத்துப் பிரிவினை போன்ற சிவில் வழக்குகளே அவரிடம் வரும். நீதிமன்றங்களின் படிவரிசையில் முன்சீப் நீதிமன்றம் கீழ்ப்படியில் இருந்தது. ஆனால், சாதாரண மக்களுள் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் கண்ட நீதிமன்றம் அது ஒன்றுதான். மேல்முறையீடு செய்யப் பணமும் காலமும் வேண்டும். ஏழைக்கு இரண்டும் இல்லை. ஆகவே, முன்சீப் சொல்லும் தீர்ப்பே பலருக்கும் இறுதித் தீர்ப்பாக அமைந்தது. கீழ்ப்படியில் அமர்ந்திருக்கும் நீதிபதி நேர்மையும் திறமையும் உடையவராக இருக்க வேண்டியதன் தேவை இதிலிருந்து விளங்கும்.

வேதநாயகம் பிள்ளை தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாகப் பணியாற்றினார். மூன்றும் காவிரி பாயும் தஞ்சைப் பகுதியில் உள்ளவை. கடற்கரையில் உள்ள தரங்கம்பாடி, 1845ஆம் ஆண்டு வரை டேனியர்களின் கையில் இருந்து, பின்னர் ஆங்கிலேயர்களுக்கு விற்கப்பட்ட ஊர். மாயூரத்தில்தான் அவர் நீண்ட காலம் பணியாற்றினார். அவ்வூரின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அன்றைய மாயூரமே இன்றைய மயிலாடுதுறை.

சித்தாந்த சங்கிரகம்

நீதிபதி ஒருவர் தம் மனம் போனபடி தீர்ப்புக் கூற முடியாது. சட்டத்தைப் பின்பற்ற வேண்டும். அதோடு, அதே போன்ற வழக்கில் உயர் நிலையில் உள்ள நீதிமன்றம் முன்னர் என்ன தீர்ப்பு வழங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். இதனை முன்தீர்ப்பு என்பர். ஒத்த வழக்குகளுக்கு ஒத்த தீர்ப்புக் கிடைக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். ஒரே வகையான வழக்கில் சீர்காழியில் ஒரு நீதியும் மாயூரத்தில் வேறொரு நீதியும் கிடைக்குமானால், மக்கள் நீதிமன்றத்தின்மீது நம்பிக்கை இழப்பார்கள்.

மதராஸ் மாகாணத்தில் அக்காலத்தில் சிவில் வழக்குகளுக்கு மேலான நீதிமன்றமாக இருந்தது ‘சதர் அதாலத்து’. அதன் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. கீழ்நீதிமன்றங்களில் இருந்த முன்சீப்புகளிலும் வக்கீல்களிலும் பலர் ஆங்கிலம் அறியாதவர்கள். தாம் பின்பற்ற வேண்டிய தீர்ப்புகளையே படிக்க இயலாத நிலையில் அவர்கள் இருந்தனர். வழக்குத் தொடுத்த பொதுமக்களின் நிலையோ இன்னும் மோசம்.

ஓர் உழவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய வயலுக்கு வரும் வாய்க்காலை அண்டை நிலத்தவர் அடைத்துவிடுகிறார். உழவர் வழக்குத் தொடுக்க நினைக்கிறார். இதே போன்ற வழக்கில் முன்னர் ஒருவருக்குச் சாதகமான தீர்ப்புக் கிடைத்திருக்கிறது. ஆனால், அது ஆங்கிலத்தில் உள்ள ஒரு நூலுக்குள் இருக்கிறது. உழவருக்கு அது தெரியாது. அவருடைய வக்கீலுக்கும் தெரியாது. தமக்கு உரிமை இருப்பதை அறியாமலேயே அவர் வழக்கில் தோற்றுப்போகலாம். இவ்வாறு தோற்பவருக்குச் சட்டம் இருந்தும் பயன் என்ன?

இந்தக் குறையைத் தீர்க்க வேதநாயகம் பிள்ளை முனைந்தார். 1805ஆம் ஆண்டு முதல் 1861ஆம் ஆண்டு வரையிலான சதர் அதாலத்துத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து மொழிபெயர்த்தார். அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத் தீர்ப்புகள் அவை. அந்நூலுக்குச் ‘சித்தாந்த சங்கிரகம்’ எனப் பெயரிட்டு 1862ஆம் ஆண்டு வெளியிட்டார். சித்தாந்தம் என்றால் முடிந்த முடிபு. சங்கிரகம் என்றால் சுருக்கித் தொகுத்தது. நீதிமன்றங்கள் கண்ட முடிபுகளின் சுருக்கத் தொகுப்பு என்று இதனைக் கொள்ளலாம். ஆங்கிலத்தில் இருந்த நீதிமன்றத் தீர்ப்புகளை முதன்முதலில் தமிழுக்குக் கொண்டுவந்தவர் என்ற பெருமை அவருக்கு உண்டு.

இப்பணி எளிதானதன்று. சட்ட மொழியில் ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறுத்த பொருள் உண்டு. அதைத் தமிழில் சொல்லும்போது பொருள் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. படிப்பவருக்கு விளங்கவும் வேண்டும். திருச்சிராப்பள்ளியின் மொழிபெயர்ப்பு மேசையில் பெற்ற பயிற்சியே அவருக்குத் துணை நின்றது. பகல் முழுவதும் வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பு எழுத வேண்டிய பொறுப்புள்ள ஒருவர், அதற்கு மேல் இத்தகைய நூலையும் ஆக்கினார் என்பது வியப்புக்குரியது.

அந்நூல் வெளிவந்த ஆண்டும் குறிப்பிடத்தக்கது. 1860ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் 1862ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் சதர் அதாலத்து கலைக்கப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கப்பட்டது. சட்டங்களும் நீதிமன்றங்களும் புதிய உருவம் பெற்ற அந்த நேரத்தில், அவற்றைத் தமிழ் மக்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்று எண்ணிச் செயல்பட்டவர் ஒரு கீழ்நீதிமன்ற நீதிபதி.

கைக்கூலியும் நடுவு நிலைமையும்

தீர்ப்புகளைத் தமிழில் தந்தால் மட்டும் போதாது. தீர்ப்பு வழங்குபவரும் தூயவராக இருக்க வேண்டும் என்று வேதநாயகம் பிள்ளை உறுதியாக நம்பினார். சித்தாந்த சங்கிரகம் வெளிவருவதற்கு முன்பே, 1859ஆம் ஆண்டு அவர் ‘நீதிநூல்’ என்னும் செய்யுள் நூலை வெளியிட்டிருந்தார். தனிமனித ஒழுக்கம், குடும்ப வாழ்க்கை, சமுதாயக் கடமை ஆகியவற்றை எளிய பாடல்களில் கூறும் நூல் அது.

அதில் கைக்கூலி வாங்குவதைக் கண்டிக்கும் பகுதியும் உண்டு. கைக்கூலி என்பது இலஞ்சம். அரசு ஊழியர் ஒருவருக்கு அவர் செய்யும் வேலைக்கு அரசு சம்பளம் தருகிறது. அதே வேலைக்கு மக்களிடமும் பணம் கேட்பது, கொடுத்தவருக்கு ஒரு நீதியும் கொடுக்காதவருக்கு ஒரு நீதியும் வழங்குவதாகும். இலஞ்சம் வாங்கும் திருடன், இரவில் வரும் திருடனைவிடக் கொடியவன். திருடனைப் பிடித்தால் நீதிமன்றத்தில் நிறுத்தலாம். நீதிமன்றத்திலேயே திருட்டு நடந்தால் மக்கள் எங்கே போவார்கள்? தம்மோடு பணிபுரிந்தவர்களும் தமக்கு மேலே இருந்தவர்களும் படிக்கக்கூடிய நூலில் பதவியில் இருந்துகொண்டே இலஞ்சத்தைக் கண்டித்து எழுத, உண்மையான துணிவு வேண்டும்.

நீதிபதிக்கு வேண்டிய மற்றொரு பண்பு நடுவு நிலைமை. திருக்குறளில் இதற்கெனத் தனி அதிகாரமே உண்டு. உறவினர், அயலார், செல்வர், ஏழை, தம் சமயத்தார், பிற சமயத்தார் என்று வேறுபாடு காட்டாமல் இரு தரப்பையும் சமமாகக் கேட்பதே நடுவு நிலைமை. வேதநாயகம் பிள்ளையின் வாழ்க்கையிலேயே இப்பண்பைக் காணலாம். அவர் கிறித்துவர். ஆனால், அவருடைய நெருங்கிய நண்பர் சைவப் பெரும்புலவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அப்புலவர் வேதநாயகம் பிள்ளையைப் போற்றிக் ‘குளத்தூர்க் கோவை’ என்னும் நூலைப் பாடினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடமும் வேதநாயகம் பிள்ளை அன்பு கொண்டிருந்தார். அவர்மீது பாடல்களும் இயற்றினார். இந்த நட்பைப் பற்றி உ.வே. சாமிநாதையர் தம் தன்வரலாற்று நூலான ‘என் சரித்திரம்’ நூலில் எழுதியுள்ளார். எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து பாடத்தக்க இசைப்பாடல்களாகச் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ என்னும் தொகுப்பையும் வேதநாயகம் பிள்ளை 1878ஆம் ஆண்டு வெளியிட்டார். எச்சமயத்தவர் வழக்கோடு வந்தாலும் இத்தகைய ஒருவர் முன் அச்சமின்றி நின்றிருக்கலாம் அல்லவா?

பெண்கல்வியும் நீதியும்

நீதி என்பது நீதிமன்றக் கட்டடத்திற்குள் மட்டும் இருப்பதன்று என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். அன்று பெரும்பாலான பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுத்தறியாத பெண்ணுக்குத் தன் பெயரில் எழுதப்பட்ட பத்திரத்தில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. அதை மற்றவர் படித்துச் சொல்வதை அப்படியே நம்ப வேண்டும். சொத்திலோ குடும்பத்திலோ தனக்கு அநீதி நேர்ந்தாலும் அதை எடுத்துச் சொல்லும் வழி அறியாள்.

வேதநாயகம் பிள்ளை ‘பெண்மதி மாலை’ என்னும் நூலை இயற்றினார். பெண்கல்வியின் தேவையை விளக்கி உரைநடையிலும் எழுதினார். பெண்கள் படித்தால் குடும்பம் கெடும் என்று பலரும் பேசிய காலத்தில், படிக்காத பெண்ணுக்கு வீட்டிலேயே நீதி கிடைக்காது என்பதை அவர் கண்டார். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்ததும் பெண்கள் கற்க வேண்டும் என்று எழுதியதும் ஒரே நோக்கத்தின் இரு பகுதிகள். தம் உரிமையைத் தாமே படித்து அறியும் ஆற்றல் ஒவ்வொருவருக்கும் வேண்டும் என்பதே அந்நோக்கம்.

பஞ்ச காலத்தில் செய்த தொண்டு

முன்சீப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் அவர் மாயூரத்திலேயே வாழ்ந்தார். அவ்வூர் நகர்மன்றத் தலைவராகவும் பொறுப்பேற்றுப் பணிசெய்தார். அக்காலத்தில், 1876ஆம் ஆண்டு முதல் 1878ஆம் ஆண்டு வரை தென்னிந்தியாவைக் கொடிய பஞ்சம் வாட்டியது. தமிழ் ஆண்டுப் பெயரைக் கொண்டு மக்கள் அதனைத் தாது வருடப் பஞ்சம் என்றனர். மழை பொய்த்தது, பயிர் கருகியது, தானிய விலை எட்டாத உயரத்திற்குச் சென்றது. பல இலட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மடிந்தனர்.

வேதநாயகம் பிள்ளை தம் பொருளைக் கொண்டு கஞ்சித் தொட்டிகளை ஏற்படுத்தி, பசித்து வந்தவர்களுக்கு உணவளித்தார். நீதிபதியாக இருந்தபோது சேர்த்த பொருளை அதே மக்களுக்காகச் செலவிட்டார். அவருடைய கொடைப் பண்பைக் கண்டு மனம் நெகிழ்ந்தவர்களுள் ஒருவர், ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார். அவர் வேதநாயகம் பிள்ளையைப் போற்றிக் கீர்த்தனை ஒன்றைப் பாடினார். சைவ பக்தராகிய பாரதியார், கிறித்துவராகிய முன்சீப்பைப் பாடியது, பசித்தவர்களுக்கு அவர் செய்த உதவி எல்லாருடைய உள்ளத்தையும் தொட்டது என்பதைக் காட்டுகிறது.

நாவலுக்குள் ஒரு நீதிமன்றம்

பிரதாப முதலியார் சரித்திரம் நகைச்சுவை நிறைந்த நாவல். ஆனால், நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் அமர்ந்திருந்த ஒருவருடைய அனுபவம் அதற்குள் பரவிக் கிடக்கிறது. கதைத்தலைவன் பிரதாபன், முறையான ஆட்சி இல்லாத விக்கிரமபுரி என்னும் நகரில் சிக்கிக்கொள்கிறான். அங்கே செருப்புத் தைத்துக் கொடுத்தவரோடு ஏற்படும் அற்பத் தகராறு ஒன்று வழக்காகி, அவன் சிறையில் அடைபடுகிறான். சட்டம் தெரியாதவர்கள் நீதிபதிகளாக அமர்ந்தால் நிரபராதிக்கு என்ன நேரும் என்பதை வாசகர் சிரித்துக்கொண்டே உணர்ந்துகொள்கிறார்.

அவனைத் தேடி வரும் மனைவி ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டிருக்கிறாள். அரசனில்லாத அந்நகரில் பட்டத்து யானை அவளுக்கு மாலை சூட்ட, அவளே ஆட்சியாளர் ஆகிறாள். கல்வியும் அறிவும் நிறைந்த ஞானாம்பாள், பிரதாபனை விடுவிப்பதோடு நகரின் ஆட்சியையும் நீதிமுறையையும் சீர்படுத்துகிறாள். பெண்ணுக்குக் கல்வி வேண்டும் என்று எழுதியவர், கற்ற பெண்ணையே நீதி வழங்கும் இடத்தில் அமர்த்திக் காட்டினார்.

அந்நாவலில் நீதிமன்ற மொழியைப் பற்றிய பகுதியும் உண்டு. நீதிபதி தமிழர், வக்கீல் தமிழர், வழக்குத் தொடுத்தவரும் எதிர்த்து நிற்பவரும் தமிழர்கள். ஆயினும், வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதிடுகிறார்கள். யாருடைய சொத்துக்காக வாதம் நடக்கிறதோ அவர் ஒன்றும் விளங்காமல் விழித்துக்கொண்டு நிற்கிறார். இந்த நிலையை வேதநாயகம் பிள்ளை கேலியும் வருத்தமும் கலந்து சாடுகிறார். ஆங்கிலத்தை அவர் வெறுக்கவில்லை. ஆங்கிலப் புலமையால் உயர்ந்தவர்தான் அவர். கட்சிக்காரருக்கு விளங்காத மொழியில் அவருடைய வழக்கை நடத்துவது முறையன்று என்பதே அவர் கருத்து.

1887ஆம் ஆண்டு ‘சுகுண சுந்தரி’ என்னும் இரண்டாம் நாவலை வெளியிட்ட அவர், 1889ஆம் ஆண்டு சூலை 21ஆம் நாள் மாயூரத்தில் இயற்கை எய்தினார்.

அவர் காட்டிய வழி

வேதநாயகம் பிள்ளை விரும்பிய மாற்றம் அவர் வாழ்நாளில் முழுமையாக நிறைவேறவில்லை. உயர் நீதிமன்றங்களில் ஆங்கிலமே தொடர்ந்தது. முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். ஏழைச் சிறுவனாகச் சிற்றூரில் வேலை பார்த்து, முன்சீப்பாகவும் பணியாற்றி உயர்ந்தவர் அவர். உள்நாட்டினர் உயர் நீதிமன்ற நீதிபதிகளாக முடியும் என்பதை அவர் வாழ்க்கை மெய்ப்பித்தது. நீதிபதிகள் உள்நாட்டினரான பின்னும் மொழித் தடை நீங்கவில்லை. இன்று தமிழ்நாட்டின் கீழ்நீதிமன்றங்களில் தமிழில் வழக்காடலாம். இந்திய உச்ச நீதிமன்றம் தன் முக்கியத் தீர்ப்புகள் சிலவற்றை 2019ஆம் ஆண்டு முதல் இந்திய மொழிகளில் மொழிபெயர்த்து வெளியிட்டு வருகிறது; அவற்றுள் தமிழும் ஒன்று. சித்தாந்த சங்கிரகம் வெளிவந்து 157 ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த முன்னேற்றம் இது.

நம் நாட்டுக்கும் இந்த வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு. வேதநாயகம் பிள்ளை நீதி வழங்கிய தஞ்சைப் பகுதியிலிருந்தும் அவர் பிறந்த திருச்சிராப்பள்ளிப் பகுதியிலிருந்தும் ஏராளமான தமிழர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்தனர். இங்கும் அவர்கள் தமக்குப் பழக்கமில்லாத மொழியில் எழுதப்பட்ட ஒப்பந்தங்களையும் சட்டங்களையும் எதிர்கொண்டனர். ஜொகூரில் சிகாமட் போன்ற வட்டாரங்களின் தோட்டங்களில் வாழ்ந்த பழைய தலைமுறையினருக்கு நீதிமன்றம் என்றாலே அச்சம் இருந்ததற்கு மொழியும் ஒரு காரணம்.

இன்று மலேசிய நீதிமன்றங்களில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், செசன் நீதிமன்றம், உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், கூட்டரசு நீதிமன்றம் என்னும் படிநிலைகள் உள்ளன. வழக்குகள் பொதுவாகத் தேசிய மொழியில் நடைபெறுகின்றன. அம்மொழி நன்கு தெரியாதவர்களுக்கு உதவ நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கின்றனர். சிகாமட்டில் உள்ள மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தமிழ் மட்டுமே அறிந்த ஒரு முதியவர் சாட்சி சொல்ல நேர்ந்தால், அவருடைய ஒவ்வொரு சொல்லையும் பொருள் மாறாமல் நீதிபதியிடம் சேர்ப்பது மொழிபெயர்ப்பாளரின் கடமை. திருச்சிராப்பள்ளியில் இளைஞரான வேதநாயகம் பிள்ளை செய்த அதே பணி இது.

வக்கீல் வைத்துக்கொள்ள வசதியற்றவர்களுக்குச் சட்ட உதவி வழங்கும் அமைப்புகளும் நம் நாட்டில் உள்ளன. குற்ற வழக்குகளில் சிக்கும் வறியவர்களுக்கு உதவும் தேசியச் சட்ட உதவி அறநிறுவனம் 2011ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. நீதிபதிகள் பின்பற்ற வேண்டிய நெறிமுறைகளும் எழுத்து வடிவில் வகுக்கப்பட்டுள்ளன. இலஞ்சத்திற்கு எதிராகவும் நடுவு நிலைமைக்காகவும் செய்யுளில் எழுதப்பட்ட அறிவுரைகள், காலப்போக்கில் உலகின் பல நாடுகளில் விதிகளாக உருப்பெற்றுள்ளன.

நீதித்துறையைச் சீர்படுத்த வேண்டும் என்றால் பெரிய சட்டங்களும் பெரிய பதவிகளும் தேவை என்று நாம் நினைக்கிறோம். வேதநாயகம் பிள்ளை வகித்தது, படிவரிசையில் கீழே இருந்த நீதிபதிப் பதவி. சட்டத்தை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆனால், இருக்கின்ற சட்டத்தை மக்களுக்கு விளங்கச் செய்யும் அறிவும் உழைப்பும் அவரிடம் இருந்தன. அவற்றைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் பிறருக்குத் தந்தார். இரு மொழிகளைக் கற்கும் நீங்களும் நாளை ஒரு கடிதத்தையோ படிவத்தையோ பத்திரத்தையோ புரிந்துகொள்ள முடியாமல் தவிக்கும் ஒருவருக்குப் படித்துப் பொருள் சொல்ல நேரலாம். அதில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவருடைய வீடோ வேலையோ உரிமையோ அந்தச் சொல்லைச் சார்ந்திருக்கக்கூடும்.